ஐஸ் மீனும் இட்லி உப்புமாவும்: பழைய அசைன்மென்ட்டை வைத்துப் புதுசு எழுதுவது

"நான் எழுதுனதுதானேண்ணா, அத நானே எடுத்துப் போட்டா இன்னா தப்பு?"

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாலைந்து காலேஜ் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். செமஸ்டருக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். இந்தத் தடவை கேட்டவன் இரண்டாம் வருடம் வரலாறு படிக்கிறான். முதல் வருடத்தில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி ஆயிரம் வார்த்தையில் ஓர் அசைன்மென்ட் எழுதி நல்ல மார்க் வாங்கியவன். இப்போது சேர்ந்திருக்கிற ஆன்லைன் கோர்ஸில் 'ஒரு தொழில் ஓர் ஊரை எப்படி மாற்றுகிறது' என்று 1500 வார்த்தையில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ராயபுரத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பது அவன் கணக்கு.

அவன் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் குறுக்கே வந்தாள். "அதெல்லாம் கூடாதுண்ணா, பழசத் தொடவே கூடாது. சாஃப்ட்வேர் புடிச்சுடும். பத்து பர்சன்ட் தாண்டுனா ஃபெயிலு."

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. ஆனால் ஊர் முழுக்க இந்த இரண்டு பேச்சுதான் ஓடுகிறது. ஒரு கூட்டம் 'என்னுடையது, என் இஷ்டம்' என்கிறது, இன்னொரு கூட்டம் பழைய கட்டுரை இருந்த பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிறது. முதல் கூட்டம் மாட்டிக்கொள்கிறது, இரண்டாவது கூட்டம் ஒரு வருடம் பாடுபட்டுப் படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத தலைப்பில் போய் விழுகிறது. எனக்கு என்னவோ இரண்டாவதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது

அடுத்தவர் எழுதியதை நம்முடையது போலக் காட்டுவதற்கு எழுத்துத் திருட்டு என்று பெயர். இது எல்லோருக்கும் புரியும். நாமே முன்பு எழுதியதை, முன்பு எழுதியது என்று சொல்லாமல் புதுசு போலக் காட்டுவதற்குச் 'சுய திருட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயர்தான் வம்பு. என் வீட்டு அரிசியை நானே எப்படித் திருடுவேன் என்று எந்தப் பிள்ளையும் கேட்கத்தானே செய்யும்? அதனால் இந்தக் கட்டுரையில் அதை 'சொல்லாத மறுபயன்பாடு' என்றே எழுதப்போகிறேன். அழுத்தம் 'சொல்லாத' என்ற சொல்லில் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் வாங்கியவர்களுக்கு இது உடனே விளங்கும். விடியற்காலையில் படகிலிருந்து இறங்கி ஏலம் போகிற மீன் ஒன்று, ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் இருந்த மீன் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நம் கடலில் விசைப்படகு போகாது. அப்போது மார்க்கெட்டுக்கு வருகிற வஞ்சிரத்தில் நிறைய மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்தது. அதை வாங்கிக் குழம்பு வைக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. ஐஸில் வைத்தது குற்றமில்லை. "இப்பதான் போட்லேர்ந்து எறங்குச்சு" என்று சொல்லி விற்றால்தான் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகிறோம்.

வீட்டிலும் இதே கதைதான். நேற்று மிஞ்சிய இட்லியை ஆவியில் சூடேற்றி 'சுடச்சுட' என்று விருந்தாளிக்குப் போட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும், அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். அதே இட்லியை உதிர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், வெங்காயம் தாளித்து உப்புமாவாகக் கொடுத்தால் யாரும் ஏமாறுவதில்லை. இது நேற்றைய இட்லி என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. வேறு ஒரு பண்டமாகவும் ஆகிவிடுகிறது. ஒரு கட்டுரைக்கும் இந்த இரண்டுதான் வேண்டும்: பழசு எது என்பது வெளிப்படையாகத் தெரியவேண்டும், அது வேறு ஒன்றாக ஆகியிருக்கவும் வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவே: பழைய அசைன்மென்ட்டைத் தொடுவது தப்பில்லை. பழையதைப் புதியது என்று நம்பவைப்பதுதான் தப்பு.

ஆசிரியருக்கு இதில் என்ன கஷ்டம்?

எனக்கே இது பட்டுத் தெரிந்ததுதான். முதுகலை படித்தபோது ஒரு தாளுக்கு எழுதிய இரண்டு பக்கத்தை அடுத்த வருடம் வேறொரு தாளில் அப்படியே செருகினேன். வேறு பேராசிரியர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். அந்த வருடம் அவர் விடுப்பில் போக, பழைய பேராசிரியரே திருத்த வந்துவிட்டார். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "இதைப் போன வருடமே ரசித்துவிட்டேன்." திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அசைன்மென்ட் என்பது படிப்பு நடந்ததா என்று பார்க்கிற அளவுகோல். எடை மிஷினில் ஏறி நிற்கிற மாதிரி. போன வருடம் எடுத்த எடைச் சீட்டை இந்த வருடம் நீட்டினால் மருத்துவருக்கு உன் இன்றைய எடை தெரியாது. சீட்டு உன்னுடையதுதான், அதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அதோடு ஒரு வேலைக்கு இரண்டு தடவை மார்க் கிடைக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக எழுதியவனுக்கு ஒரு தடவைதான்.

ஆராய்ச்சி மட்டத்தில் இது இன்னும் கறாரானது. தன் பழைய வெளியீட்டைக் குறிப்பிடாமல் மறுபடி வெளியிட்டுப் புதியது என்று கல்விப் பலன் தேடுவது ஏற்கத்தக்கதல்ல என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் தனியாகவே அறிவிப்பு கொடுத்தது. அது பேராசிரியர்கள் பாடு. நம் கதைக்கு வருவோம்.

சாஃப்ட்வேர் உள்ளே என்ன செய்கிறது

பிள்ளைகள் இந்த சாஃப்ட்வேரை ஏதோ மந்திரவாதி மாதிரி நினைக்கிறார்கள். அது நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை, திருட்டைக் கண்டுபிடிப்பதும் இல்லை. ஒரே மாதிரி இருக்கிற சொல்வரிசைகளைத் தேடி எடுத்துக் காட்டும். அது கொடுக்கிற எண்ணுக்கு ஒற்றுமை விகிதம் என்று பெயர், அதாவது உன் கட்டுரையில் நூற்றுக்கு எத்தனை வார்த்தை வேறெங்கோ ஏற்கனவே இருக்கிறது என்ற கணக்கு.

எப்படித் தேடுகிறது? ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

"தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் இருந்து 1856ஆம் ஆண்டு புறப்பட்டது."

ஒன்பது வார்த்தை. ஐந்து ஐந்து வார்த்தையாகத் துண்டு போடச் சொன்னால் கருவி ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு துண்டு, இரண்டிலிருந்து ஆறுவரை ஒரு துண்டு, மூன்றிலிருந்து ஏழுவரை ஒன்று என்று ஒன்றன் மேல் ஒன்று ஏறிய மாதிரி எடுக்கும். மொத்தம் ஐந்து துண்டு கிடைக்கும். ஒவ்வொரு துண்டையும் ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணாக மாற்றும். அந்த எண்ணுக்குக் கைரேகை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதே ஐந்து வார்த்தை அதே வரிசையில் எங்கே வந்தாலும் அதே எண்தான் வரும். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, அந்த மிஷினுக்கு உன் முகமும் தெரியாது, உன் குணமும் தெரியாது, ரேகை பதிவில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இதுவும் அப்படித்தான். ஐந்து என்பது நான் விளக்கத்துக்கு எடுத்த அளவு, கருவிக்குக் கருவி மாறும்.

இப்போது கடைசி வார்த்தையை மட்டும் மாற்றி 'கிளம்பியது' என்று போடு. ஐந்தாவது துண்டு மட்டும் உடையும், மீதி நாலும் அப்படியே பொருந்தும். நடுவிலிருக்கிற 'ராயபுரத்தில்' என்ற வார்த்தையை மாற்றினால்? அது ஐந்து துண்டிலும் இருக்கிறது, அதனால் ஐந்தும் உடைந்துவிடும். இதைச் சொன்னதும் நம்ம பையன் துள்ளி எழுந்துவிட்டான், அஞ்சு வார்த்தைக்கு ஒண்ணு மாத்துனா போதுமேண்ணா என்று. ராயபுரத்தை எதாக மாற்றுவாய், ராமாபுரமாகவா என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான். நடப்பில் இருக்கிற கருவிகள் ஒன்றிரண்டு வார்த்தை மாறினாலும் அக்கம்பக்கத்துப் பொருத்தங்களைச் சேர்த்துப் பார்க்கிறவைதான், அதனால் இந்தக் கத்திரிக்கோல் வேலை எடுபடாது. பழைய கட்டுரையை ஏதாவது ஏஐயிடம் கொடுத்து வார்த்தையை மாற்றி வாங்குவதும் இதே கத்திரிக்கோல்தான், கொஞ்சம் பளபளப்பானது.

சரி, எதோடு ஒப்பிடுகிறது? இணையத்தில் இருக்கும் பக்கங்கள், வெளியான ஆய்வுக் கட்டுரைகள், அப்புறம் மாணவர்கள் முன்பு ஏற்றிய கட்டுரைகளின் சேமிப்பகம். போன வருடம் உன் கல்லூரி இப்படிப்பட்ட கருவியில் உன் அசைன்மென்ட்டைச் சேமிக்கும் வகையில் ஏற்றியிருந்தால் அது அங்கே இருக்கும். இந்த வருடம் நீ ஒட்டினால் உன் கட்டுரையே உனக்குச் சாட்சி சொல்லும். போன வருடம் ஏ4 பேப்பரில் கையால் எழுதிக் கொடுத்திருந்தால் கருவிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா. ஆனால் ஐஸ் மீன் ஐஸ் மீன்தான், செவுளைத் தூக்கிப் பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. சில கோர்ஸ்களில் முதலில் வரைவு ஏற்றச் சொல்வார்கள், அதையும் கருவி சேமித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் கடைசிக் கட்டுரையை ஏற்றும்போது அது வரைவோடு பொருந்தி எண்பது, தொண்ணூறு என்று காட்டும். பயந்து அழுதுகொண்டே போன் செய்த பிள்ளைகள் உண்டு. அந்த அறிக்கையைத் திறந்து எதோடு பொருந்துகிறது என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

அந்தப் பத்து சதவீதம் எங்கிருந்து வந்தது

1500 வார்த்தைக் கட்டுரையில் 300 வார்த்தை பொருந்தினால் 20 சதவீதம். இந்த 20ஐ மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆதார நூல் பட்டியல், மேற்கோள் குறிக்குள் போட்ட வரிகள், கேள்வித்தாளிலிருந்து எடுத்து எழுதிய கேள்வி எல்லாம் சேர்ந்தே 300 ஆகியிருக்கலாம். பழைய கட்டுரையின் ஒன்றரைப் பக்கம் முழுசாக வந்து உட்கார்ந்தும் 300 ஆகியிருக்கலாம். எண் ஒன்று, கதை வேறு. அதனால்தான் ஒழுங்கான ஆசிரியர்கள் எண்ணைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதுவதில்லை, அறிக்கையைத் திறந்து படிக்கிறார்கள்.

பத்து சதவீதப் பேச்சு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வந்தது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை ஒரு படி, 60 வரை ஒரு படி, அதையும் தாண்டினால் பதிவே ரத்தாகும் அளவுக்குப் போகிற ஒரு படி என்று அதில் இருக்கிறது. மேற்கோள், நூற்பட்டியல், பொதுவான சொற்கள் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. எல்லோரும் இதுவரை படிப்பார்கள். அதே விதிகளின் வரையறைப் பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு: இந்த விதிகள் முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, புத்தகம் போன்றவற்றுக்கு. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, பாடவேலை, விடைத்தாள் இவற்றுக்குப் பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

அப்படியானால் அசைன்மென்ட்டுக்கு விதியே இல்லையா? இருக்கிறது. உன் கோர்ஸ் நடத்துபவர் வைத்தது. ஒரு கோர்ஸில் பழைய வேலையை விரிவாக்கலாம் என்று இருக்கும், இன்னொன்றில் ஒரு வரிகூடக் கூடாது என்று இருக்கும். அந்தக் கோர்ஸ் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி. அதை விட்டுவிட்டு டீக்கடையில் கேட்ட சதவீதத்தை வைத்துத் தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை.

சுருக்கமாக: கருவி பொருத்தம் காட்டும், தீர்ப்பு சொல்லாது. பத்து சதவீதம் ஆய்வேட்டுக்கான எண். உன் அசைன்மென்ட்டுக்கு உன் கோர்ஸின் விதியே விதி.

மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பழையதை எப்படி எடுத்துக் கட்டுவது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் மொட்டை மாடிகளைப் பார்த்தால் மூலைக்கு மூலை தூண் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். கையில் காசு வந்தால் மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்று விட்டுவைத்தது. மேஸ்திரி வந்தால் முதலில் கீழே தூண் தாங்குமா என்று பார்ப்பார், அப்புறம் அந்தக் கம்பியில் புதுக் கம்பியைக் கட்டுவார். யாரும் கீழ்த்தளத்தைப் பெயர்த்து மேலே வைப்பதில்லை. கீழ்த்தளம் கீழேயேதான் இருக்கும், மேலே போவது புதுச் செங்கல்.

அசைன்மென்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எது? அந்தக் கட்டுரை பதில் சொல்லாமல் விட்ட கேள்வி. நம்ம பையனின் ராயபுரம் கட்டுரையைப் போனில் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். கடைசிப் பத்தியில் பாவம் ஒப்புக்கு ஒரு வரி போட்டிருந்தான்: "இவ்வளவு புகழ்பெற்ற நிலையம் இன்று ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது." மார்க்குக்காக எழுதின வரிதான். ஆனால் கம்பி அதுதான். ஆயிரம் வார்த்தையில் அவன் விட்டுவைத்த ஒரே நல்ல கேள்வி.

அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனோம். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது, இது பழைய கட்டுரை. ஏன் ராயபுரம்? பக்கத்தில் கடற்கரை, பக்கத்திலேயே ஜார்ஜ் டவுன் வியாபாரிகள். அப்புறம் 1873இல் சென்ட்ரல் வந்தது, மெதுவாகப் பயணிகள் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் ரயில் கொண்டுவந்த வேலை இந்தப் பக்கமே தங்கிவிட்டது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை, 1876இல் பக்கிங்காம் மில், சில வருடத்தில் கர்னாடிக் மில். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடியேறினார்கள். அந்த மில் ஆட்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. பி. பி. வாடியா தலைவர், கூடவே திரு.வி.க. அப்புறம் 1955இல் ஐ.சி.எஃப். வந்து ரயில் பெட்டியே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள்.

இப்போது புதுக் கட்டுரையின் வாதம் தானாக வந்து நின்றது. பயணிகள் போய்விட்டார்கள், தொழிலாளர்கள் தங்கிவிட்டார்கள், வடசென்னையின் இன்றைய முகம் அந்தத் தங்கியவர்களுடையது. பழைய கட்டுரை 1856இல் முடிந்தது, புதியது அங்கேதான் தொடங்குகிறது. தலைப்பு கேட்டதும் இதைத்தானே?

நடுவில் ஒரு வேடிக்கை. பழைய கட்டுரையில் "தென்னிந்தியாவின் முதல் ரயில்" என்று எழுதி வைத்திருந்தான். அதற்கு முன்னாலேயே, 1837இல், செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் ஏற்றிவர ஒரு ரயில்பாதை இருந்திருக்கிறது. அதனால் ராயபுரத்தை முதல் 'பயணிகள்' ரயில் என்று சொல்வதுதான் சரி. முகம் சுருங்கிவிட்டது. இதுதாண்டா உன் புதுக் கட்டுரையின் முதல் பலம் என்றேன். போன வருடம் இப்படி எழுதியிருந்தேன், இப்போது திருத்துகிறேன் என்று ஒருவன் எழுதினால் இந்த ஒரு வருடத்தில் அவன் என்ன படித்தான் என்று ஆசிரியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டியிருந்தால் இந்தத் தப்பும் சேர்ந்தே ஒட்டியிருக்கும்.

எதை எடுக்கலாம், எதைக் கீழேயே விடவேண்டும்

தேதி, இடம், பெயர் இவை எவருக்கும் சொந்தமில்லை, தாராளமாக எடு. நீ எடுத்துவைத்த குறிப்புகள், படித்த புத்தகங்கள், நீயே போய் எடுத்த போட்டோ, யாரிடமாவது பேசி எழுதிய விவரம், இவையெல்லாம் உன் உழைப்பின் முதலீடு, இரண்டாவது தடவை பயன்படுத்தத்தான் இருக்கின்றன. கீழேயே விடவேண்டியவை பழைய பத்திகளும் அவற்றின் வரிசையும். முன்னுரை, கட்டிடத்தின் அழகு, தூண்களின் வர்ணனை என்று அந்த வரிசையைப் புதுக் கட்டுரைக்குள் கொண்டுவந்தால் வார்த்தை மாறியிருந்தாலும் உள்ளே பழைய கட்டுரைதான் நிற்கும்.

பழைய ஆதாரம் வேண்டுமென்றால் உன் பழைய வாக்கியத்துக்குப் போகாதே, அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததோ அங்கே மறுபடி போ. இது கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் போன வருடம் உன் கண்ணில் படாதது இந்த வருடம் படும், கேள்வி மாறிவிட்டது அல்லவா. செங்குன்றம் விஷயம் அப்படித்தான் கிடைத்தது.

பழைய கட்டுரையின் கருத்தையே சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு மூன்று வாக்கியத்தில் சுருக்கி, அது எங்கே இருந்தது என்று குறித்துவிடு. இப்படி மூலத்தைக் குறிப்பதற்குச் சான்று காட்டுதல் என்று பெயர், அடுத்தவர் புத்தகத்துக்குச் செய்கிற அதே மரியாதை. உள்ளே உன் பெயரும் வருடமும், கடைசிப் பட்டியலில் கட்டுரைத் தலைப்பு, 'வெளியிடப்படாத பாடக் கட்டுரை', பாடத்தின் பெயர், கல்லூரி. தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ள எல்லாப் பிள்ளைகளும் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு ஒன்றுமில்லை. 1500 வார்த்தையில் இந்தச் சுருக்கம் 150ஐத் தாண்டினால் எனக்கு உறுத்தும். விதி கிடையாது, என் கைக்கணக்கு.

இது ஏதோ வெளியூர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரித்தது நம் நன்னூல். முன்னோர் நூலோடு ஒத்துப்போய், தான் வேறுபடுகிற இடத்தையும் சொல்வதுதான் வழிநூல். நீ எழுதப்போவது உன் சொந்தக் கட்டுரைக்கு நீயே எழுதும் வழிநூல் என்று வைத்துக்கொள்.

ஒரு எச்சரிக்கை, இதை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். போன வருடம் நாலு பேர் சேர்ந்து செய்த குரூப் அசைன்மென்ட் உன்னுடையது மட்டுமில்லை. நண்பன் எழுதிய பகுதியை எடுத்தால் அது மறுபயன்பாடே இல்லை, முதலில் சொன்ன எழுத்துத் திருட்டு. பெயர் நாலு பேருடையதாக இருந்தாலும் எந்தப் பத்தி யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் கேட்டுவிடு

எழுத உட்காருவதற்கு முன்னால் ஆசிரியருக்கு ஒரு மெயில். இதில் பாதிப் பயம் போய்விடும். பிள்ளைகள் இங்கேதான் தயங்குகிறார்கள், கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று. சொன்னால் சொல்லட்டும், எழுதி முடித்த பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல். நாங்கள் அன்று மாடியில் உட்கார்ந்து எழுதியது இது:

"வணக்கம் மேடம். முதல் செமஸ்டரில் ராயபுரம் ரயில் நிலையத்தின் தொடக்கம் பற்றி ஓர் அசைன்மென்ட் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் அதன் தொடர்ச்சியாக, ரயில் வந்த பிறகு பெரம்பூர்ப் பகுதியில் தொழில்களும் தொழிற்சங்கமும் வளர்ந்ததை எழுத விரும்புகிறேன். பழையதிலிருந்து ஒரு பத்தி அளவுக்குச் சுருக்கி, சான்றோடு சேர்ப்பேன். மற்றதெல்லாம் புதிதாக எழுதுவேன். இதற்கு அனுமதி உண்டா?"

என்ன இருந்தது, என்ன சேர்க்கிறேன், எவ்வளவு எடுக்கிறேன், அவ்வளவுதான் மெயில். 'தங்கள் பொன்னான நேரத்தை' என்றெல்லாம் அவன் ஆரம்பித்ததை வெட்டிவிட்டேன். கட்டுரையின் முதல் பக்க அடியிலும் இதையே ஒரு வரியாகப் போடலாம்: இந்தக் கட்டுரை இன்ன பாடத்துக்கு நான் முன்பு எழுதியதன் தொடர்ச்சி, இரண்டாம் பத்தியில் மட்டும் அதன் சுருக்கம் இருக்கிறது.

மறுநாள் மத்தியானமே பதில் வந்துவிட்டது. தாராளமாக எழுதலாம், பழைய கட்டுரையையும் கூடவே இணைத்து அனுப்பவும், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும் என்று. சாயங்காலம் மாடிக்கு வந்தவன் முகம் சரியில்லை. பழைய கட்டுரை அந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறது, போன் காலையில் தண்ணீர் பக்கெட்டில் விழுந்து சர்வீஸில் இருக்கிறது. 'பழசத் தொடவே கூடாது' என்று சொன்ன பெண்தான் யோசனை சொன்னாள்: "போன வருஷம் மெயில்லதானடா அனுப்புன, சென்ட்ல போய்ப் பாரு." இருந்தது.